கணக்கில் வராத ஓட்டை

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் கிளம்பும் நாட்களில் திருகோணமலையிலும் சிலர் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். துருவ வட்டப்பாதைக்குப் போகும் ரொக்கெட் நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலால்தான் போக வேண்டும். அதனால் முதலில் தென்கிழக்காக வங்காள விரிகுடாவுக்கு மேல் போய், நம் தீவை விலக்கிய பிறகே தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பம் எரிபொருளைத் தின்கிறது, தூக்கக்கூடிய பாரத்தையும் குறைக்கிறது. தமிழ்நாட்டின் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் அமைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதெல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ரொக்கெட்டின் தலைப்பகுதியைக் கிட்டத்தில் காட்டும் படமொன்று கைக்குக் கை வரும்போது, ஒரு கேள்வியும் கூடவே வருகிறது: விண்வெளிக்குப் போகிற சாமானில் எதற்கு ஓட்டை?

அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "உள்ளே மனிதர் இல்லைத்தானே, காற்றிறுக்கமாக இருக்கத் தேவையில்லை" என்பது. இந்தப் பதில் என்னை வெகுகாலமாக உறுத்துகிறது. பிழையான பதில் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஓட்டையை அக்கறையில்லாமல் விட்ட இடைவெளிபோலக் காட்டிவிடுகிறது. உண்மையில் ரொக்கெட்டின் ஓட்டில் மிகக் கவனமாகக் கணக்குப் பார்த்து வைக்கப்பட்ட உறுப்புகளில் அந்த ஓட்டையும் ஒன்று. அது எத்தனை சதுர சென்ரிமீற்றர், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்தபடி, எந்த அறையோடு தொடுக்கப்பட்டது என்பதெல்லாம் காகிதத்தில் இருக்கும். காகிதத்தில் இல்லாத ஓட்டை ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாற்றில் பெரிய சாட்சி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வெளியேற வேண்டிய 120 கிலோ

செய்மதியை மூடியிருக்கும் வெப்பக்கவசத்தை 4 மீற்றர் விட்டமும் 8 மீற்றர் நீளமும் கொண்ட உருளையாக எடுத்துக்கொள்வோம். கனவளவு ஏறத்தாழ 100 கன மீற்றர். கடல் மட்டத்தில் அதற்குள் இருக்கும் காற்றின் நிறை சுமார் 120 கிலோகிராம். கிளம்பும்போது உள்ளும் வெளியும் ஒரே அமுக்கம், சுமார் 101 கிலோபஸ்கால். 5.5 கிலோமீற்றர் உயரத்தில் வெளி அமுக்கம் பாதியாகிவிடும். 16 கிலோமீற்றரில் பத்தில் ஒன்று. 30 கிலோமீற்றரில் 1.2 கிலோபஸ்கால்தான் மிச்சம். இந்தத் தூரத்தை ரொக்கெட் ஓரிரு நிமிடத்துக்குள் கடந்துவிடும்.

கவசத்தை முழுக்க அடைத்துவிட்டால் என்ன ஆகும்? 100 கிலோபஸ்கால் வேறுபாடு, 2 மீற்றர் ஆரை. ஓட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளத்திலும் 200 கிலோநியூட்டன், அதாவது சுமார் 20 தொன் இழுவை. கவசம் இரண்டு பாதியாகப் பிளக்க வேண்டியது. 8 மீற்றர் நீளமான இரண்டு பொருத்துகளிலும் தலைக்கு 160 தொன் வரும். அதைத் தாங்கும்படி செய்யலாம். அப்போது அது அமுக்கக் கலனாகிவிடும், செய்மதிக்குரிய பாரத்தைக் கவசமே விழுங்கிவிடும். ஆகவே காற்றை வெளியே விடுவதுதான் வழி.

திருகோணமலைச் சீனன்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிவிட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகளை இவ்வூரில் அறியாதவர் இல்லை. கூம்புக்கூரை போட்ட அந்தமாதிரித் தாங்கிகளின் உச்சியில் மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும். எண்ணெயை இறைக்கும்போது அந்த வழியால் காற்று உள்ளே வர வேண்டும். குழாயை யாராவது சாக்கால் கட்டி வைத்தால், ஆயிரக்கணக்கான தொன் எண்ணெயைத் தாங்கிய இரும்பு, வெறும் காற்று நெரித்து உள்ளே மடிந்துவிடும். இந்த வகைத் தாங்கிகளை வழக்கமாக 0.25 கிலோபஸ்கால் வெறுமைக்குத்தான் கணக்கிடுவார்கள். ஓர் அங்குல நீர்நிரல், அவ்வளவுதான். மூச்சுக்குழாயின் பருமனைத் தீர்மானிப்பது தாங்கியின் பெருப்பம் மட்டுமல்ல, பம்பி எவ்வளவு வேகமாக இறைக்கிறது என்பதும்தான். ரொக்கெட்டில் பம்பியின் இடத்தில் இருப்பது அதன் ஏறும் வேகம்.

உயர்தரப் பௌதிகம் போதும்

வெளி அமுக்கம் குறையும் வீதம் என்பது காற்றின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆர்முடுகல், நிலைக்குத்து வேகம் மூன்றின் பெருக்கம். 6 கிலோமீற்றரில் அடர்த்தி கன மீற்றருக்கு 0.66 கிலோ, ஏறும் வேகம் செக்கனுக்கு 250 மீற்றர் என்றால், செக்கனுக்கு 1.6 கிலோபஸ்கால் குறையும். ஐரோப்பாவின் ஏரியன் 5 ரொக்கெட்டின் பயனர் கையேடு கவசத்துக்குள் அமுக்கம் குறையும் வீதம் பெரும்பாலான நேரம் செக்கனுக்கு 2 கிலோபஸ்காலைத் தாண்டாது என்று உறுதி கொடுத்ததும், ஒலிவேகத்தை அண்டும் கட்டத்தில் 2 செக்கனுக்கும் குறைவான நேரத்துக்கு மட்டும் 4.5 வரை போகலாம் என்றதும் இந்தக் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது.

இனி நம் உருளை. 8 கிலோமீற்றர் உயரம், உள்ளே 290 கெல்வின், வீதம் செக்கனுக்கு 2 கிலோபஸ்கால். வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டால் செக்கனுக்கு 2.4 கிலோ காற்று வெளியேற வேண்டும். கூர்விளிம்புத் துளையின் வெளியேற்றக் குணகத்தை, அதாவது துளைப் பரப்பில் உண்மையில் பயன்படும் பங்கை, 0.6 என எடுங்கள். 10 சென்ரிமீற்றர் சதுரத்தில் பத்து வென்ட் (காற்று வெளியேறும் துளை) வைத்தால் உள்ளமுக்கம் வெளியைவிட ஏறத்தாழ 1.8 கிலோபஸ்கால் கூடுதலாக நிற்கும். சதுர மீற்றருக்கு 180 கிலோ பாரம். இருபது வென்ட் என்றால் அரைக் கிலோபஸ்கால்தான். ஐந்தாகக் குறைத்தால் 7 கிலோபஸ்கால் அளவுக்கு ஏறும். பரப்பு பாதியானால் அமுக்க வேறுபாடு நான்கு மடங்கு. பத்தில் இரண்டு வென்ட்டின் பாதுகாப்பு மூடியைக் கழற்ற மறந்தால்கூட வேறுபாடு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். ஏவுவதற்கு முன் கழற்ற வேண்டிய சிவப்புப் பட்டிகளை எண்ணி ஒப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் இதனால்தான்.

வெப்பநிலை மாறாது என்ற எடுகோளிலும் ஒரு கவனம் வேண்டும். வெப்பமே பரிமாறாமல் காற்று விரிந்தால் அது குளிரும், வெளியேற வேண்டிய நிறையும் குறையும். சுவரிலிருந்து வெப்பம் ஏறிக்கொண்டிருந்தால் நிறை கூடும். அறை வெடிக்குமா என்று பார்க்கும்போது வெப்பநிலை மாறாத நிலையை எடுப்பது பாதுகாப்பான பக்கம். குளிர்ந்த காற்றில் ஈரம் இருந்தால் பனிமூட்டம் கட்டும் என்பது தனிப் பிரச்சினை. ஏவும்வரை கவசத்துக்குள் வடிகட்டிய உலர்ந்த காற்றோ நைதரசனோ ஊதிக்கொண்டே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஊதல் வென்ட் வழியே வெளியே வந்துகொண்டிருப்பதால் கடற்கரை ஏவுதளத்தின் உப்புக்காற்றும் உள்ளே போகாது.

மிக உயரத்தில் கதை மாறும். வெளி அமுக்கம் உள் அமுக்கத்தின் 0.528 பங்குக்குக் கீழே போனதும் துளையில் காற்று ஒலிவேகத்தில் ஓடும். அதற்கு மேல் வெளியில் என்ன இருந்தாலும் ஓட்டம் கூடாது. பத்து வென்ட் உள்ள நம் உருளையில், அதே குணகத்தோடு, அமுக்கம் ஒரு கிலோபஸ்காலிலிருந்து 100 பஸ்காலுக்கு இறங்க ஏறத்தாழ 19 செக்கன் பிடிக்கும்.

எந்த இடத்தில் வைப்பது

பரப்பளவைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். வென்ட் திறப்பது அந்த உயரத்தின் வளிமண்டலத்துக்குள் அல்ல. ரொக்கெட்டைச் சுற்றி ஓடும் காற்றில் அந்தப் புள்ளியில் நிலவும் அமுக்கத்துக்குள்தான் அது திறக்கிறது. இயக்க அமுக்கம் (எதிரே ஓடிவரும் காற்றின் வேகத்தால் வரும் அமுக்கம்) உச்சமடையும் நேரத்தில் அது 35 கிலோபஸ்கால் என்று வைப்போம். கூம்பு முடிந்து உருளை தொடங்கும் தோளில் காற்று வளைந்து வேகமெடுக்கும். அமுக்கக் குணகம், அதாவது ஓர் இடத்தின் அமுக்கம் சுற்றுப்புறத்திலிருந்து விலகும் அளவை இயக்க அமுக்கத்தின் பங்காகச் சொல்லும் எண், அங்கே −0.2 ஆக இருந்தாலே சுற்றுப்புறத்தைவிட 7 கிலோபஸ்கால் குறைவு. அவ்விடத்தில் வென்ட் வைத்தால் அது உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும். உருளையின் பின்பகுதிக்கு வெளியே அமுக்கம் கூடுதலாக இருப்பதால் மெல்லிய ஓடு உள்நோக்கி நெரியும். விரிவடைந்து செல்லும் பகுதிக்கு முன்னால், காற்று தடைப்பட்டு அமுக்கம் ஏறும் இடத்தில் வைத்தால் எதிர்மாறு: வெளிக்காற்று உள்ளே புகுந்து ஓட்டுச் சுவரை வெளியே தள்ளும். வெளியே விடுவதற்கென்று வைத்த துளை, உள்ளே ஊதும் துளையாகிவிடுகிறது.

அதனால்தான் தோளிலிருந்து விலகி, உருளையின் நேர்ப்பகுதியில், அமுக்கக் குணகம் பூச்சியத்தை அண்டியிருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். ஒலிவேகத்தை அண்டும்போது அதிர்ச்சி அலை ஓட்டின் மீது பின்னோக்கி நகர்ந்து வென்ட்டைக் கடக்கும். அந்த நொடியில் வெளி அமுக்கம் திடீரெனத் துள்ளும். ஏரியன் கையேட்டில் அந்த 2 செக்கன் தளர்வு கொடுக்கப்பட்டது இந்தக் கட்டத்துக்குத்தான். சுற்றிவர வென்ட்டுகளைப் பரப்பி வைப்பது ரொக்கெட் காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து போகும்போது வரும் ஏற்றத்தாழ்வைச் சராசரியாக்கும். ஆனால் காற்றுப் பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறும் குறுக்கோட்டத்தையும் அது உருவாக்கும். ஏரியன் 5 ஒருவழி மடல்களை வைத்திருந்தது. இயந்திர அறையின் அழுக்கு காற்று செய்மதியைத் தொட்டுப் போகாதபடி அறைகளுக்கிடையிலான வழிகளையும் திசை பார்த்து வைக்க வேண்டும்.

சின்ன அறைகள்

கவசத்தின் ஓடே இலட்சக்கணக்கான சின்ன அறைகளால் ஆனது. இரண்டு மெல்லிய தகடுகளுக்கிடையே தேன்கூட்டு உள்ளகத்தைப் பசையால் ஒட்டிய பலகை அது. ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் தொழிற்சாலைக் காற்று அடைபட்டிருக்கும். நல்ல ஒட்டுக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் பெரிய சுமையல்ல. ஆனால் பசை பிடிக்காத ஓர் இடம், 10 சென்ரிமீற்றர் விட்டத்தில் இருந்தால், வெற்றிடத்தில் அந்த வட்டத்தை 80 கிலோ விசை வெளியே தள்ளும். விளிம்பிலிருந்து பசை உரியத் தொடங்கும், கொப்புளம் பெருக்கும். 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குச் சூடானால் அடைபட்ட காற்றின் அமுக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே சூட்டில் பசையும் இளகும். உள்ளே ஈரம் இருந்தால் நீராவி வேறு.

1968 ஏப்ரல் 4 அன்று பறந்த அமெரிக்காவின் அப்பலோ 6 இல் இதுதான் நடந்தது. சந்திரக்கலத்தை மூடும் பொருத்துக்கூட்டின் பலகையில் ஒரு துண்டு பறக்கும்போதே பெயர்ந்து போனது. முதலில் ரொக்கெட்டின் நெடுக்கதிர்வையே சந்தேகித்தார்கள். கடைசியில் தேன்கூட்டுக்குள் அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்ததே காரணம் என்று முடிவானது. திருத்தம் எளிமையானது: மேற்பரப்பில் சிறு துளைகள், மேலே கோர்க் படை.

மின்பெட்டிகளுக்கும் இதே கதை. காற்றில் 1 சென்ரிமீற்றர் இடைவெளி மிக இலகுவாகப் பொறி பாயவிடும் அமுக்கம் சுமார் 75 பஸ்கால், அதாவது 50 கிலோமீற்றர் உயரத்தின் அமுக்கம். அங்கே 330 வோல்ற்றளவில்கூடப் பொறி பாயலாம். துளை போதாத பெட்டி வெளியில் வெற்றிடமான பிறகும் அந்த ஆபத்தான அமுக்கத்திலேயே நெடுநேரம் தங்கிவிடும். உயர் வோல்ற்றளவுக் கருவிகளை ஏறும்போது அணைத்து வைத்து, காற்று முழுக்கப் போன பின்பே போடுவது அதனால்.

1973 மே 14

அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்நிலையம் அன்றுதான் கிளம்பியது. அதன் வேலைக்கூடத்தைச் சுற்றி, விண்கற்துகள்களிலிருந்து காக்க, 0.6 மில்லிமீற்றர் அளவு தடிப்பான அலுமினியக் கவசம் சுவரோடு ஒட்டியபடி சுற்றப்பட்டிருந்தது. விண்வெளிக்குப் போனதும் சில அங்குலம் விரிந்து நிற்க வேண்டும். அந்தக் கவசத்தின் நெடுக்கே, வயர்களை மூடியபடி, துணைச் சுரங்கம் என்று அழைக்கப்பட்ட ஒரு நீண்ட குழல் ஓடியது. கிளம்பி 63 செக்கன் அளவில், ஒலிவேகத்தைக் கடக்கும் தறுவாயில், கவசம் பிய்ந்து போனது. அதன் சிதைவு ஒரு சூரியச் சிறகின் கட்டுகளைத் தளர்த்தியது. பின்னர் இரண்டாம் கட்டத்தின் பின்னிழுப்பு ரொக்கெட்டுகள் எரிந்தபோது அந்தச் சிறகு முழுதாகப் பறந்தது. மற்றச் சிறகு உலோகப் பட்டியொன்றில் சிக்கித் திறக்காமல் நின்றது.

புரூஸ் லண்டின் தலைமையிலான விசாரணைக் குழு, அந்தத் துணைச் சுரங்கத்துக்குள் அமுக்கம் ஏறியதே மிகச் சாத்தியமான காரணம் என்றது. சுரங்கத்தின் காற்றுவெளியேற்றக் கணக்கு ஓர் எடுகோளில் நின்றது: பின்முனை முழுக்க அடைபட்டிருக்கும். பறந்த சுரங்கத்தின் பின்முனை அப்படி இருக்கவில்லை. அச்சு இறப்பர் உறை கசிந்தது. சுரங்கத்துக்கு அடியில் ஓடிய உள்ளீடற்ற நெடுவலிப்புகளின் (சுவரை நெடுக்காகத் தாங்கும் சட்டங்களின்) வாய்கள் திறந்திருந்தன. பின்முனையில் வெளி அமுக்கம் கூடுதல். அந்தக் காற்று இவ்வழிகளால் புகுந்தது. முன்பக்கத்தில் கவசம் மேலெழும்பி, விளிம்பு ஒலிமிஞ்சும் ஓட்டத்துக்குள் நீட்டியது. மிச்சத்தைக் காற்று செய்தது. கவசம் சுவரோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும் என்ற இன்னோர் எடுகோளும் நிறைவேறவில்லை.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். கணக்குப் போட்டவர் கணக்கில் பிழைவிடவில்லை. வென்ட்டின் பரப்பு போதாமல் இல்லை. பின்முனை அடைபட்டிருக்க வேண்டும் என்ற அந்த ஒரு வரி, காற்றியக்கவியல் மேசையிலிருந்து கட்டமைப்பு மேசைக்கும், அங்கிருந்து தொழிற்சாலைத் தளத்துக்கும் போய்ச் சேரவில்லை என்று குழு எழுதியது. நெடுவலிப்பை வரைந்தவருக்கு அதன் வாய் ஒரு வென்ட் என்று தெரியாது. அவருக்கு அது வெறும் முனை. இறப்பரைப் பொருத்தியவருக்கு அது தூசு மறைக்கும் உறை. யாருடைய படத்திலும் "ஓட்டை" என்று எழுதப்படாததால் யாரும் அதை எண்ணவில்லை. "ஓட்டையே இல்லாமல் செய்திருந்தால் தப்பியிருக்கும்" என்று இதைப் படிப்பவர்கள் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. முழுக்க அடைத்த குழலும் ஏறும்போது தன் காற்றாலேயே வீங்கியிருக்கும்.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலோ உயர்தர வகுப்பிலோ இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விரிதாள் போதும். ஒவ்வோர் அறைக்கும் உள்ளே இருக்கும் சாமான்களைக் கழித்த கனவளவு, அறைகளுக்கிடையிலான வழிகள், நேரத்தோடு உயரமும் வேகமும், ஒவ்வொரு துளையின் இடத்திலும் அமுக்கக் குணகம். 0.1 செக்கன் படியில் நிறையைக் கழித்துக்கொண்டே போகலாம். கசிவுக்கு மட்டும் இரண்டு நிரல் வையுங்கள்: ஆகக் குறைந்த கசிவு, ஆகக் கூடிய கசிவு. முதலாவதால் அறை வெடிக்குமா என்று பாருங்கள். இரண்டாவதால் நெரியுமா, அல்லது வெளிக்காற்று புகுந்து தூக்குமா என்று பாருங்கள். ஒரே கசிவு எண்ணை வைத்து இரண்டையும் பார்த்தால் ஸ்கைலாப்பின் சுரங்கம் அந்தத் தாளில் அகப்படவே அகப்படாது. பொருத்தின் இடுக்கு, வயர் போகும் வாய், நெடுவலிப்பின் முனை எல்லாவற்றுக்கும் தனி வரி வேண்டும். எந்த வரைபடத்தில் இருக்கிறது, யார் அளந்தார் என்பதும் அதே வரியில்.

கவசம் பிரியும் நொடி

காற்றின் சூடு சதுர மீற்றருக்கு 1,135 வாற்றுக்குக் கீழே இறங்கியதும், 100 கிலோமீற்றருக்கு மேலே, செய்மதியை மூடிய வெப்பக்கவசத்தைக் கழற்றுவது வழக்கம். அப்போது உள்ளே 100 பஸ்கால் மிஞ்சியிருந்தாலும் நம் உருளையின் ஒவ்வொரு பாதியையும் 320 கிலோ விசை உதைக்கும். பாதிகள் பிரிய அது உதவலாம். செய்மதிக்கு அது திடீர் வெற்றிடம். வெப்பப் போர்வைகளின் படலங்களுக்கிடையே மாட்டிய காற்று அந்த நொடியில் போர்வையை ஊதிவிடும். போர்வைகளில் ஊசித்துளைகள் போடுவதும், நான்கு விளிம்பையும் ஒட்டாமல் ஒரு விளிம்பை மூச்சுவிட வைப்பதும் அதற்காக.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் சூரியத்திரை ஐந்து மெல்லிய படலங்கள், விரித்தால் 21 மீற்றருக்கு 14 மீற்றர். ஏவும்போது அது மடித்து அடுக்கியிருந்தது. ஏரியன் 5 இன் கவசத்துக்குள் கடைசியில் மிஞ்சும் அமுக்கம் அந்த மடிப்புகளுக்குக் கூடுதல் என்று கணக்கு சொன்னது. ரொக்கெட்டை மாற்றவில்லை, திரையையும் மாற்றவில்லை. கவசத்தின் அடியில் இருந்த வென்ட் மடல்கள் பாதியில் சாத்திக்கொள்ளாமல் முழுக்கத் திறந்தே நிற்கும்படி ஓர் உறுப்பைச் சேர்த்தார்கள். வெப் பறப்பதற்கு முன்பே அதை ஏரியன் 5 இல் பொருத்திப் பரீட்சித்தார்கள். 2021 டிசம்பர் 25 அன்று வெப் கிளம்பியது. ஐந்து படலங்களையும் இழுத்துக் கட்டும் வேலை 2022 ஜனவரி 4 அன்று முடிந்தது.